மாமியாருக்குப் போகும் நீல ஒயர்

— அண்ணே, இந்த நீல ஒயர்ல 'மாமியார்'னு சீட்டு ஒட்டியிருக்கே, கிண்டலா நிஜமா?

— நிஜந்தாம்மா. அது ஃபயர்வாலுக்குப் போகுது. வெளியிலேருந்து எவன் வந்தாலும் வாசல்லயே நிறுத்தி, யாரு எவருன்னு ஆயிரம் கேள்வி கேக்கும். வேற என்ன பேரு வைக்கிறது?

— சரி சரி. 'சின்ன மச்சான்'?

— மூணாவது மாடி பிரிண்டர். பத்து தடவை கூப்பிட்டாத்தான் ஒரு தடவை எழுந்து வருவான்.

— 'பெரிய அண்ணி'?

— பேக்கப். எல்லாத்தையும் வாங்கிப் பத்திரமா வச்சுக்கும், திருப்பிக் கேட்டாத்தான் மூஞ்சியைத் தூக்கும்.

— ஆஸ்பத்திரி சர்வர் ரூமா, உங்க மாமனார் வீடா? ஒருநாள் நீங்க வரலேன்னா யாருக்கு என்ன புரியும்?

— புரியக்கூடாதுன்னுதானே எழுதினேன். புரிஞ்சிட்டா நான் எதுக்கு?

— நல்ல ஆளு! நிஜ அண்ணி, உங்க வீட்டுக்காரம்மா, இன்னும் மக வீட்லதானா?

— எட்டு மாசமாச்சு. பேத்தி உக்கார ஆரம்பிச்சிட்டாளாம். போன்ல காட்டினாங்க. போன்ல தூக்கவா முடியுது?

— லீவு கேட்டீங்களாமே?

— கேட்டேன், மூணு தடவை. நீ இல்லாம அந்த ரூம் ஓடாதுய்யான்னுட்டாரு மேனேஜர். என் கையாலயே நான் போட்ட முடிச்சு.

— சட்டைப்பையில என்ன கவர், கசங்கிக் கிடக்கு?

— அவருதான் திங்கக்கிழமை குடுத்தாரு. அதை விடு, நீ ஒயரைக் கட்டு.

— கட்டிட்டேன். இப்பத்தான் ரேக்கோட முதுகே கண்ணுக்குத் தெரியுது. இந்த மஞ்சள் ஒயர் நான் போட்டதாச்சே... அய்ய, 'எமன்'னு எழுதியிருக்கு!

— காலையில எழுதினேன். வெளியாளு உள்ள வர்ற லைனு அதானே? எங்கேயோ ஒருத்தன் வீட்ல கால்மேல கால் போட்டுக்கிட்டு இந்த ரூமைப் பாத்துப்பான். அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை, ஏசிக் காத்து வாங்கறதா?

— அண்ணே, மணி ரெண்டே முக்கால். மூணுக்கு மேனேஜர் இதைப் பாக்கணும்னாரு. என் போன் நெட்லேருந்து ஒரு தடவை உள்ள வந்து பாத்துடறேன்... இல்ல. விடமாட்டேங்குது.

— மறுபடி போடு.

— மூணு தடவை போட்டாச்சு. நேத்து சாயங்காலம் அழகா வந்துச்சே! சேர்ந்து ஒரு மாசந்தாண்ணே ஆகுது. பெரிசா பேசிட்டு வேலைக்கு வந்தேன். எங்கேயோ மாத்திச் சொருகித் தொலைச்சிட்டேன்.

— அழாத.

— அழல.

— நீ மாத்தலம்மா. நாந்தான். நீ வர்றதுக்கு முன்னாடி அந்த மஞ்சளைப் பிடுங்கி, செத்துப்போன பழைய போர்ட்ல சொருகினேன்.

— என்னது?

— திட்டு. வாய் வலிக்கத் திட்டு. என் பொழப்பு மட்டுந்தான் கண்ணுக்குத் தெரிஞ்சுது, உன் பேரு கெடும்னு உறைக்கல. நகரு, மாத்திடறேன். மேலேருந்து நாலாவது... ஆங். இப்பப் போடு.

— வந்துடுச்சு! எல்லாம் தெரியுது!

— மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொல்லிடறேன், என்ன வேணா பண்ணட்டும். எனக்குப் பதிலா வர்றானே, அந்த மகராசன் யாரு? அதையாவது சொல்லு.

— அண்ணே... நீங்க அந்தக் கவரைப் பிரிக்கவே இல்லையா?

— எதுக்கு? வேலை போச்சுன்னு எழுத்துக்கூட்டிப் படிக்கவா?

— குடுங்க இப்படி. 'தாங்கள் கேட்ட விடுப்புக்குப் பதிலாக, மகள் வீட்டிலிருந்தே ஆறு மாதம் பணியாற்றத் தங்களுக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. புதிய இணைப்பு சரியாக இயங்கிய மறுநாளே புறப்படலாம்.'

— தங்களுக்குன்னா?

— உங்களுக்குத்தான்! இந்த லைன்ல உள்ள வரப்போற ஒரே ஆளு நீங்கதான். நேத்து உங்க பேரைத்தான் ஏத்தினேன். தெரிஞ்சுக்கிட்டே ஏன் உர்ருன்னு இருக்காருன்னு நானும் திங்கக்கிழமையிலேருந்து மண்டையைப் பிச்சுக்கிறேன்.

— நாளைக்கேவா போகலாம்?

— நாளைக்கே.

— பேனா வச்சிருக்கியா?

— இருக்கு. ஏண்ணே, கண்ணைத் தொடைங்க முதல்ல.

— மாமியார், மச்சான், அண்ணி எல்லாருக்கும் ஒழுங்கான பேரா எழுதி ஒட்டும்மா, யாருக்கும் புரியற மாதிரி. அந்த மஞ்சள்ல மட்டும் எமனைக் கிழிச்சிட்டு 'பேத்தி'ன்னு எழுது.