பிளேடு மாற்றிய ஞாயிறு

புல்வெட்டும் மெஷினின் பிளேடை வீட்டிலேயே மாற்றிவிடலாம், மேடம். அதற்கென்று ஆள் தேட வேண்டியதில்லை. முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையே பிடுங்கிக் கண்ணெதிரே போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு மெஷினைச் சாய்த்து, பிளேடு சுற்றாதபடி ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, நடுவிலுள்ள போல்ட்டை ஸ்பேனரால் திருப்ப வேண்டும். துருப்பிடித்த போல்ட் லேசில் அசையாது. எண்ணெய் விட்டு அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பலருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை, கையை உள்ளே விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஆள் செந்தமிழனும் அப்படித்தான் மூன்று விரல்களை இழந்தார் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன்.

பதினாறு வருடமாக ஒரகடத்தில் இந்த உதிரிபாகத் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பொறுப்பு என்னுடையது. வாசலில் ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். விபத்தில்லாமல் கடந்த நாட்களின் எண்ணிக்கை அது. தினமும் காலையில் நானே என் கையால் ஒரு எண்ணைக் கூட்டுவேன். ஆயிரமாவது நாளில் எல்லோருக்கும் ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் அந்தப் புல்வெட்டி. குன்றத்தூரில் என் வீட்டு முன்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்குப் புல் இருப்பது நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது.

ஆயிரம் நாளும் யாருக்கும் அடிபடவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்கள் தொழிற்சாலையில் அடிபட மாட்டார்கள், மேடம். வீட்டில்தான் படும். ஒருவர் குளியலறையில் வழுக்கினார். ஒருவர் பைக்கில் சறுக்கினார். இன்னொருவரின் கையை மாமியார் வீட்டுக் கதவு நசுக்கியது. இந்த வட்டாரத்துக் கதவுகள் அவ்வளவு மோசம். எல்லாவற்றையும் நானே எழுதினேன், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

செந்தமிழன் ஒப்பந்தத் தொழிலாளி. ஆறு வருடமாகப் பிரஸ்ஸில் தகடு வெட்டுகிறவர். அந்தப் பிரஸ்ஸுக்கு ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே நுழைந்தால் இயந்திரம் நின்றுவிடும். அதற்குப் பயம் அதிகம், ஈ பறந்தாலும் நின்றுவிடும். நின்றால் உற்பத்தி எண்ணிக்கை குறையும், குறைந்தால் கூட்டம் போடுவார்கள். ஆகவே சென்சாரின் இணைப்பை நான் துண்டித்துவைத்தேன். செந்தமிழன் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

“சென்சாரு தூங்கிக்கினு கீது சார். நாங்க முழிச்சிக்கினு இருந்தா சரி, இன்னா?”

நகைச்சுவை உணர்ச்சி உள்ள மனிதர். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டிக்கு, அதாவது ஓவர்டைமுக்கு, ஒப்பந்த ஆட்கள் வந்தால் வருகைப் பதிவு கிடையாது. அன்று லைனில் நாலு பேர். பதினொரு மணிக்குப் பிரஸ் இறங்கியது. செந்தமிழனுக்கு மூன்று விரல்கள் போயின. கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றார். கூட இருந்த அந்தோணிராஜ் விரல்களைப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கி அதைச் சுற்றிவைத்துக் கொடுத்தான். முதலுதவிப் பயிற்சியில் நான் சொல்லிக்கொடுத்தது. என் வகுப்பை யாரும் கவனிப்பதில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரம். அவரை ஏற்றிக்கொண்டு நான் காரைக் குன்றத்தூர் பக்கம் திருப்பினேன். அந்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆய்வுக்கு வருவதாக இருந்தார்கள். பலகையில் ஆயிரத்து இருநூற்று நாலு இருந்தது. அந்த இடத்தில் பூஜ்யம் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

“சார், ஆஸ்பத்திரி அந்தாண்ட கீது சார்,” என்றார்.

நல்ல டாக்டர் குன்றத்தூரில்தான் இருக்கிறார் என்று சொன்னேன். நம்பினார். அன்று முகூர்த்த நாள். மலைக்கோயில் அடிவாரத்தில் கல்யாண வேன்களுக்கு நடுவே முக்கால் மணி நேரம் நின்றோம். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“வெரலு பைல பத்திரமா கீதா சார்? ஒட்ட வச்சிருவாங்கள்ல?”

ஒட்ட வைத்துவிடுவார்கள் என்றேன். அப்போது அது பொய்யில்லை.

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். என் மனைவி ஷெர்லின் சர்ச்சிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். பையைப் பார்த்தாள். என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்றுவரை என்னிடம் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருக்கிறது.

எழுதிய கதையில் ஓட்டையே இல்லை என்றுதான் நினைத்தேன். என் வீட்டுப் புல்வெட்டியின் போல்ட் இறுகிக் கிடந்தது, உதவிக்கு வந்த செந்தமிழன் அதோடு மல்லாடினார், பிளக்கைப் பிடுங்க மறந்தார். செந்தமிழனும் ஒப்புக்கொண்டார். வேலை நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தேன். ஆனால் அவர் மனைவி கனகம் உங்கள் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்கே வந்து நின்றதாகச் சொன்னீர்கள். “எங்க வூட்டுக்காரரு ஓட்டிக்குத்தாம்மா போனாரு. புல்லு வெட்டுறதுக்கா நான் யூனிபாரம் தோச்சிக் குடுத்தேன்?” என்று கேட்டாளாம். நியாயமான கேள்விதான்.

அதற்குப் பிறகு நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். புல்வெட்டியைச் சாய்த்து, நடுவிலுள்ள போல்ட்டை விரலால் தடவிப் பார்த்தீர்கள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் லைனில் ஒரு போல்ட்டை முடுக்கினால், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து இரும்புவரை மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்போம். சரியாக முடுக்கியாயிற்று என்பதற்கு அடையாளம். போல்ட் ஒரு நூலளவு திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். விபத்துக்கு முந்தின வாரம்தான் எண்ணெய் விட்டுப் போராடி அந்தப் பிளேடை நானே மாற்றியிருந்தேன். மாற்றியபின் வழக்கம்போல் கோடும் இழுத்திருக்கிறேன். பதினாறு வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? செந்தமிழன் மல்லாடியதாக நான் எழுதிய போல்ட்டில் கோடு அப்படியே நேராக இருந்தது.

விரல்கள் ஏன் அந்த நிலைமையில் இருந்தன என்று கேட்டீர்கள். நேற்று பதில் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்.

பிரஸ்ஸின் வெட்டு சுத்தமானது. சவரக்கத்தியால் வெட்டியதைப் போல இருக்கும். புல்வெட்டி அப்படி வெட்டாது. பார்த்தவுடன் எந்த டாக்டரும் கண்டுபிடித்துவிடுவார். ஆகவே பையைப் பிரித்து மூன்றையும் புல்லில் வரிசையாக வைத்தேன். பிளக்கைச் செருகினேன். மேலே இரண்டு முறை ஓட்டினேன். புது பிளேடு என்பதால் மூன்றாவது முறை தேவைப்படவில்லை. கிடைத்ததை மறுபடி பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இதில் ஒட்டவைக்க என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்டார். செந்தமிழன் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நீங்கள் என்னைப் பற்றிக் கடுமையாகத்தான் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரைக் காரிலேயே உட்காரவைத்து, சத்தம் கேட்காதபடி கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் இறங்கினேன். நான் அந்த மெஷினை ஓட்டியபோது யார் மேலும் ஒரு கீறல்கூட விழவில்லை.