அழியப்போற உலகத்துல அரைக் காணி

— கலியன் நிலத்த விக்க மாட்டேன்னுட்டானாம். அவன் மக செல்லக்கிளி ஏதோ பேப்பர் வாசிச்சுக் காட்டினாளாம். யாரு குடுத்த பேப்பர் அது, வள்ளியம்மா டீச்சர்?

— நான்தான் குடுத்தேன், ஹெட்மாஸ்டர் சார். எட்டாங்கிளாஸ் வாசிப்புப் பாடத்துக்கு.

— பாடப் புத்தகம் என்னத்துக்கு இருக்கு?

— தலைகீழா புடிச்சிக்கினு ஒப்பிக்கறதுக்கு இருக்கு சார். என்ன புரிஞ்சுதுன்னு கேட்டா, அதே பத்தியத் திரும்ப ஒப்பிக்குதுங்க. போன வருசம் இன்ஸ்பெக்டர் அதக் கேட்டுட்டுத்தான் உங்களுக்கு மாலை போட்டாரு.

— நக்கலா?

— பாத்துக்கினு நின்னவ சொல்றேன். அதான் மனப்பாடம் பண்ணாத ஒண்ணக் குடுத்தேன். போன வாரம் வந்த விஞ்ஞானச் செய்தி. எட்டுக் கிரகம் மகரத்துல கூடுது, பூமிக்கு ஒண்ணும் ஆவாதுன்னு. யார் சொல்றாங்க, என்ன ஆதாரம், உனக்கு என்ன தோணுது? மூணே கேள்விதான்.

— உலகமே அழியும்னு ஜோசியக்காரன் பூரா சொல்லுதான். நெய்வேலியில பிளாக்குக்கு பிளாக் யாகம் நடக்கு. நானே திங்கக்கிழமை லீவு விட்டிருக்கேன். நீங்க கேள்வி கேக்கீய!

— மைன்ஸ்ல ஒரு ஷிப்டுகூட நிறுத்தலியே சார். நீங்களும் செவ்வாய்க்கிழமைக்கு டைம்டேபிள் போட்டிருக்கீங்க. அத யாரு வந்து எடுக்கறது?

— வாய் நீளுது. உங்கள பெர்மனன்ட் பண்ண நான்தான் எழுதணும், பாத்துக்கிடுங்க.

— அழியற உலகத்துல பெர்மனன்ட் எதுக்கு சார்?

— நான் அந்தப் பாவப்பட்டவனுக்காகப் பேசுதேன். இருக்கிறது அரைக் காணி. அத வித்து, கடைசி நாலு நாளாவது புள்ளைகளுக்குக் கறிச்சோறு போடலாம்னு இருந்தான். அதுல மண்ணள்ளிப் போட்டுட்டீயளே!

— அஞ்சாம் நாளு என்னத்தப் போடுவாரு? எங்கப்பாவும் ஊரான் நிலத்துல நாத்து நட்டவருதான். காணி இல்லாத வூட்ல என்ன வேவும்னு எனக்கு நீங்க சொல்ல வேணாம்.

— விலை படிஞ்சு, முத்திரைத்தாள்கூட வாங்கியாச்சு. ரோட்டோர நிலம் வேற.

— யாரு வாங்கினது?

— யாரோ மந்தாரக்குப்பத்து ஆளு. அது எதுக்கு உங்களுக்கு?

— எனக்கு வேணாம். செல்லக்கிளிக்குத்தான் வேணுமாம். மூணாவது கேள்விக்குப் பதில் எழுதாம, என்னையே திருப்பிக் கேட்டா.

— என்னன்னு?

— “உலகம் அழியப்போவுதுன்னா, வாங்குறவரு எங்க நிலத்த எதுக்கு டீச்சர் வாங்குறாரு?”

— சின்னப் புள்ள... என்னத்தையாவது கேக்கும். நீங்க என்ன சொன்னீய?

— எனக்குத் தெரியலம்மா, வாங்குறவரையே கேளுன்னேன். அப்பாவக் கூட்டிக்கினு வந்து உங்க ரூம் வாசல்ல நிக்கிறா சார். உள்ள வரச் சொல்லட்டுமா?