யோசேப் வந்திட்டுது

அவைக்குத் தலைமை தாங்கி அழகு செய்யும் சங்கீத ஆசிரியை நிரோஷினி அவர்களே, ஆலயத்துப் பெரியோர்களே, கடலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்த தாய்மார்களே, கொட்டியாரக் குடாவின் இக்கரையும் அக்கரையும் ஒன்றாகத் திரண்டு வந்திருக்கும் சகோதரர்களே! கிண்ணியாவில் பிறந்து, துறைமுக வீதியில் கயிறும் வலையும் விற்கும் தாஹிரின் தலை தாழ்ந்த வணக்கம்.

பின்வரிசையில் ஒருவர் கேட்கிறார், "முதலாளி, கயிறு விக்கிற ஆளுக்குச் சுரத்தில என்ன வேலை?" என்று. நியாயமான கேள்வி. இழுவை தெரியாதவன் கயிறு விற்க ஏலாது, தம்பி. இந்த இசை ஆய்வரங்கில் இவ்வளவு நேரமும் பேசியது இழுவையைப் பற்றித்தானே?

எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். எந்தப் பாட்டுக்கும் ஓர் ஆதார சுரம் உண்டு. அறிஞர்கள் அதை வீடு என்கிறார்கள். நம் கச்சேரியில் அந்த வீடு விலகுவதேயில்லை. சுருதிப்பெட்டி அதை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும். ஆலயத்துப் பாடகர் குழாத்தின் நாற்குரல் பாட்டோ வீட்டை விட்டுப் புறப்படும். சுரத்தின் மேல் சுரம் அடுக்கி, அடுக்குக்கு அடுக்கு அலையும். கடைசிக்கு முந்தின அடுக்கில் விறைத்த கயிறாய் நெஞ்சை இழுக்கும். இழுத்து வீட்டில் கொண்டுவந்து விடும். ஒவ்வோர் அடுக்கின் வேலையையும் தனியே ஆராயும் கொள்கை ஒன்று. முழுப் பாட்டையும் வீடு நோக்கிய ஒரே நெடுநடையாகக் காணும் கொள்கை இன்னொன்று. இரண்டும் எதிலெதிலோ பிணங்கும். ஒன்றில் மட்டும் பிணங்கா: போனது திரும்ப வேண்டும்!

நல்ல சட்டம். கடலுக்கு யார் போய் இந்தச் சட்டத்தைச் சொல்வது?

யோசேப்பை உங்களுக்குத் தெரியும். சாம்பல்தீவு மனிதர், பாடகர் குழாத்தின் அடிக்குரல். போன வாடைக்காற்றில் கடலுக்கு மீன்பிடிக்கப் போனார். ஆளும் வரவில்லை, படகும் வரவில்லை, ஒரு பலகைகூடக் கரை சேரவில்லை. ஓர்கன் வாசிக்கும் ஜெனிஸ்டன், 'யோசேப்' என்றே பெயர் வைத்து ஒரு பாட்டு அமைத்தார். முடிவுதான் பிடிபடாமல் நின்றது. அது பிடிபட்ட அன்று என் கடையில் நின்றபடி நிரோஷினி அவர்களுக்குக் கைபேசியில் சொன்னார்:

"ஓம் டீச்சர், யோசேப் கடைசியில வீட்டுக்கு வந்திட்டுது."

நம் பக்கத்துப் பேச்சில் பாட்டும் 'வந்திட்டுது'. பாசமான மனிதரும் 'வந்திட்டுது' தான். வலைச் சுருளுக்குப் பின்னால் நூல் வாங்க நின்றவர் யோசேப்பின் மனைவி எல்சி.

அவர் கத்தவில்லை. மெல்லக் கேட்டார்: "தம்பி, எந்தக் கரையில இறக்கினவை? நடந்து வாறாரோ, தூக்கிக்கொண்டு வாறாங்களோ?"

ஜெனிஸ்டன் கைபேசியைக் கீழே வைத்தார். "தங்கச்சி, அது பாட்டு" என்று நான்தான் சொன்னேன். உட்காரப் போட்ட கதிரையைப் பிடித்தபடி எல்சி நின்ற நிலையை இங்கே வருணிக்க மாட்டேன். பிறகு சொன்னார்: "அப்ப அந்தக் கடைசிச் சத்தத்தை எடுத்துப் போடுங்கோ. அவர் வராமல் அது வரக்கூடாது."

எத்தனை எதிர்ப்பு! வீடு சேராத பாட்டு பிழை என்றார்கள் சிலர். அந்தப் பெண்ணின் ஆறுதலுக்காவது முடித்துவிடுங்கள் என்றார்கள் சிலர். யாருக்கு ஆறுதல்? நமக்கு! ஒரு பூசை, ஒரு நினைவுக்கல், ஒரு பாட்டு. முடிந்தது கதை என்று போய்ச் சோறு தின்ன அவசரப்படுகிறோம். நான் வியாபாரி, பட்டென்று சொல்கிறேன். சரக்கு இறங்காமல் இறங்கியதென்று கையெழுத்துக் கேட்டால் நான் வைப்பேனா? நீங்கள் வைப்பீர்களா?

தமிழில் இசைவு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். சுரங்கள் பொருந்துவதும் இசைவு. மனம் சம்மதிப்பதும் இசைவு. முதலாவதை அளக்க ஆயிரம் கொள்கை வைத்திருக்கிறோம். இரண்டாவதைக் கேட்டோமா? கேட்டோமா, சபையோரே? எல்சி இசையவில்லை. ஆகவே பாட்டும் இசையாது!

தலைவி அவர்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள். இன்று பாட்டு அந்த இழுவையிலேயே நிற்கும். உங்கள் காது மிச்சச் சுரத்தைத் தேடும். தொண்டை தானாக முணுமுணுக்க வரும். அடக்குங்கள். கை தட்டாதீர்கள். அந்த இழுவையைச் சுமந்துகொண்டே வீதியில் இறங்கி நடவுங்கள். உங்களுக்கு அது ஓர் இரவு. எல்சிக்கு அதுதான் வாழ்க்கை.

பேச இடம் தந்த தலைமைக்கும், இதைச் சபையில் சொல்ல இசைந்த எல்சிக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. யாவர் மீதும் சாந்தி நிலவட்டும், வணக்கம்.

பாடகர் குழாத்தினரே, எழுந்து நில்லுங்கள்.