டிக் சத்தம் நின்ற வேலி

பெயர் சுல்மா அரிஸ்மெந்தி. வயது நாற்பத்தேழு. சொந்த நிலத்தில் மாடு வளர்ப்பவள். முகவரி: உருகுவாய், தகுவரெம்போ மாவட்டம், பாசோ ஓந்தோ, ஓடைக்கு மேல்புறம் உள்ள அரிஸ்மெந்தி பண்ணை. இறந்துபோன தார்தோ பின்டோஸ் என் கணவர். இப்போது பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் எபெர் அரிஸ்மெந்தி என் கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணன் என்பதால் அவருக்கு எதிராக நான் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை என்று அதிகாரி எனக்கு எடுத்துச் சொன்னார். எனக்குப் புரிந்தது. ஆனால், தார்தோவே கம்பியில் நேரடியாக மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனதாகவும், திரும்பி வந்தபோது தான் வைத்த வேலியில் தானே சிக்கிக்கொண்டதாகவும் எபெர் எழுதிக் கொடுத்திருப்பதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். என் கணவர் பெயரில் அந்தப் பேச்சு நிற்க நான் விடமாட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்கள் அப்பா இறந்த பிறகு நிலத்தைப் பிரிக்கவில்லை. நானும் தார்தோவும் எபெரும் ஒரே வீட்டில் இருந்தோம். மாடுகள் எங்கள் இருவருடையவை, செம்மறி ஆடுகள் எபெருடையவை. முன்பெல்லாம் மாடும் ஆடும் நிலம் முழுக்கத் தம் இஷ்டத்துக்கு மேயும். போன வருடத்து வறட்சியில் புல் வேரோடு போனது. அதன் பிறகு தார்தோ அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து, நிலத்தைத் துண்டு துண்டாகத் தடுத்து, நாளுக்கு ஒரு துண்டில் மாட்டை விட்டு மற்றதை ஓய்வில் போடலாம் என்றார். அதற்கு மின்வேலி வேண்டும். கொட்டகைச் சுவரில் வேலிப் பெட்டியை மாட்டினார், ஈர மண்ணாகப் பார்த்து எர்த் கம்பிகளை அடித்தார், பிளாஸ்டிக் குச்சிகளை ஊன்றி ஒற்றைக் கம்பியை இழுத்தார். நான் உருளையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எபெர் குதிரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"மாப்ள, கொடில துணி காயப் போடப் போறியா? ஒரு நூலைக் கட்டி என் அப்பன் வீட்டுக் காளையை நிறுத்தப் போறானாம்!" என்றார்.

"நீ வேணா தொட்டுப் பாரு மச்சான். காளை நிக்குமா நிக்காதான்னு நீயே சொல்லுவ" என்றார் தார்தோ.

எபெர் இறங்கி வந்து தொட்டார். தொட்ட கையை உதறிக்கொண்டு அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத வேண்டாம். நாங்கள் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பெட்டியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது மின்சாரத்தை நொடிக்கு ஒரு தரம் தட்டித் தட்டி அனுப்பும். தட்டும்போதெல்லாம் டிக் என்று ஒரு சத்தம். கம்பியில் புல் உரசும் இடத்திலும் அதே சத்தம் கேட்கும். தொட்டால் சுளீர் என்று வலிக்கும், ஆனால் அடுத்த தட்டுக்குள் கையை எடுத்துவிடலாம், உயிர் போகாது. எங்கள் பக்கத்தில் வேலி வைத்திருக்கிற யாரும் கருவி கொண்டு பார்ப்பதில்லை, காதால்தான் பார்ப்பார்கள். டிக் கேட்டால் கம்பியில் உயிர் இருக்கிறது, கேட்காவிட்டால் செத்த கம்பி, கையால் தூக்கிவிட்டு அடியில் நுழைந்து போய்க்கொண்டே இருக்கலாம். நானும் அப்படித்தான் போவேன், தார்தோவும் அப்படித்தான் போவார்.

மாடுகள் சீக்கிரமே பழகிக்கொண்டன. காலையில் கம்பியோரம் வந்து வரிசையாக நின்று, கம்பியை நகர்த்தி அடுத்த துண்டை எப்போது திறப்பார் என்று தார்தோவைப் பார்த்துக் கத்தும். புல் முழங்கால் உயரம் வந்தது. ஆனால் கீழ்நிலம் முழுவதும் மாட்டுக்கு என்று ஆகிவிட்டதால் ஆடுகளை மேட்டுப் பாறைப் பக்கம் ஒதுக்கவேண்டி வந்தது. எபெருக்கு அது பொறுக்கவில்லை. சாப்பிட உட்காரும்போதெல்லாம், "உன் மாட்டுக்குப் புல்லு, என் ஆட்டுக்குக் கல்லு. நல்லா இருக்கு மாப்ள உன் கணக்கு" என்பார். தார்தோ முதலில் சிரித்துக்கொண்டிருந்தார், அப்புறம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு வசந்தத்தில், ஆடுகள் குட்டி போடும் சமயத்தில், வெளிநாய்கள் புகுந்தன. தின்பதற்காகக் கொன்றது போலத் தெரியவில்லை, குதறிப் போட்டுவிட்டுப் போயிருந்தன. எபெர் செத்த குட்டிகளைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் எங்கள் முன்னால் கொட்டினார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கு எனக்கும் அவர் மேல் பரிதாபம்தான் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தார்தோ இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது எபெர் வந்து, "அந்தப் பொம்மைப் பெட்டியக் கழட்டு. கரண்ட நேராக் கம்பில குடு. ஒரு நாயும் அப்புறம் இந்தப் பக்கம் வராது" என்றார்.

"விளையாடுறியா மச்சான்? நாய் மட்டுமா தொடும்? நாளைக்கு சுல்மா தொடுவா, நான் தொடுவேன், நீ தொடுவ" என்றார் தார்தோ.

"பயந்தவனுக்கு எதுக்குப் பண்ணை?"

"இந்த வேலில அது நடக்காது. நான் உசுரோட இருக்கற வரைக்கும் நடக்காது."

எபெர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பக்கத்துப் பண்ணை ஒலெகாரியோவும் அன்று சாப்பிட வந்திருந்தார், இதை அவரும் கேட்டார். அவரை விசாரித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு தார்தோ வருடா வருடம் போவது போலக் கம்பளி கத்தரிக்கும் கூட்டத்தோடு வடக்கே போனார். அவர் போன பிறகு ஒரு நாள் மழையும் இடியுமாக இருந்தது. மறுநாள் கொட்டகைப் பக்கம் போனேன். டிக் சத்தம் இல்லை. எபெரிடம் கேட்டேன். "இடி விழுந்து பெட்டி எரிஞ்சு போச்சு. கழட்டி வெச்சுட்டேன். கம்பி செத்துக் கெடக்கு. மாடுங்க பழகிப்போச்சு, அதுங்க தொடாது. கம்பிய நகர்த்தற வேலைய நான் பாத்துக்கறேன், நீ அந்தப் பக்கம் போய் அலையாத" என்றார். அதுவரை அந்தக் கம்பியை நகர்த்த ஒரு விரலைக்கூட ஆட்டாதவர் அவர். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் சமாதானமாகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். அன்று சாயங்காலமே தார்தோவுக்குப் போன் செய்து பெட்டி எரிந்துவிட்டது, கம்பி செத்துக் கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

"மச்சானா கம்பிய நகர்த்தறான்? ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இல்லன்னா நம்பமாட்டேன்" என்று சிரித்தார். வரும்போது புதுப்பெட்டி வாங்கிவருவதாகச் சொன்னார்.

அதன் பிறகு சில விஷயங்கள் நடந்தன. பொழுது சாய்ந்து பனி இறங்கும் நேரத்தில் சமையலறை விளக்கு மங்கி மங்கி எரிந்தது. லைனில் கோளாறு என்றார் எபெர். ஒரு காலையில் எனக்குத் தெரியாத ஒரு கறுப்பு நாய் கம்பியோரம் செத்துக் கிடந்தது. அடுத்து ஒரு நரி, அதன் வாய் இறுகிப்போயிருந்தது. யாரோ விஷம் வைக்கிறார்கள் என்றார் எபெர். விஷத்துக்குப் பயந்து தன் இரண்டு நாய்களையும் சாயங்காலமானால் கட்டிப்போட ஆரம்பித்தார். எனக்கு மனசு சரியில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு நேராகவே கேட்டேன்.

"அண்ணே, அந்தக் கம்பில கரண்ட் இருக்கா?"

எபெர் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், நல்ல வெயிலில், என் கண் முன்னால் அந்தக் கம்பியை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்தார். "பாத்தியா? புருஷன் இல்லாம உனக்கு மூளை குழம்பிப்போச்சு" என்றார். நான் நம்பினேன். பகலில் ஒயரைப் பிடுங்கிவைத்து, பொழுது சாய்ந்ததும் செருகுகிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? என் அண்ணன் கையால் பிடித்துக் காட்டினார், நான் நம்பிவிட்டேன்.

அதன் பிறகு வடக்கே மழை பிடித்துக்கொண்டதால் கத்தரிப்பு நின்றது. தார்தோ போன் செய்து, விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கி எப்போதும் போலக் கீழ்நிலத்தின் குறுக்கே நடந்து வந்துவிடுவதாகச் சொன்னார். அன்று சாப்பிடும்போது இதை எபெரிடம் சொன்னேன். அவர் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார். "கீழ்நிலம் வழியாவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது" என்றார்.

மறுநாள் காலை நான் எழுந்து சமையலறைக்குப் போனபோது எபெர் ஏற்கெனவே அங்கே இருந்தார். ஜன்னலைப் பார்த்தபடி மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே மூடுபனி. புல்லெல்லாம் நனைந்திருந்தது. நான் தார்தோவுக்குப் பூரி போட மாவு பிசைந்தேன். அவருக்கு மழை நாளில், பனி நாளில் பூரி வேண்டும். அப்போது கீழ்நிலத்தில் ஆள்காட்டிக் குருவிகள் கத்தின. யாராவது நடந்து வந்தால்தான் அவை அப்படிக் கத்தும்.

"வந்துட்டாரு போல" என்றேன்.

"நரியா இருக்கும்" என்றார் எபெர். கெட்டிலை மறுபடியும் அடுப்பில் வைத்தார்.

வருகிற ஆள் நடக்க நடக்கக் குருவிச் சத்தமும் கூடவே நகர்ந்து வரும். அன்று அது ஒரே இடத்தில் நின்று கத்தியது, கிட்டே வரவே இல்லை. நான் கையில் மாவோடு வெளியே ஓடினேன். தார்தோ கம்பியோரம் விழுந்து கிடந்தார். துணிச்செருப்பு பனியில் ஊறியிருந்தது. கம்பி அவர் கைக்குள் இருந்தது. புதுப்பெட்டி அட்டையோடு புல்லில் கிடந்தது. கம்பியில் எந்தச் சத்தமும் இல்லை. தொடப் போனவள், அவர் விரல்களின் நிறத்தைப் பார்த்ததும் கொட்டகைக்கு ஓடினேன். வேலிக் கம்பியிலிருந்து வந்த ஒயர் பெட்டிக்குப் போகாமல் நேராகச் சுவரில் இருந்த பிளக்குக்குப் போயிருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டுத் திரும்ப ஓடினேன். அவர் மார்பில் அழுத்தினேன், வாயில் ஊதினேன், பெயர் சொல்லிக் கத்தினேன். என் கை மாவு அவர் முகமெல்லாம் ஆனது. அவர் போய்விட்டார்.

எரிந்துவிட்டதாகச் சொன்ன பழைய பெட்டியைக் கொட்டகைப் பரணில் சாக்கில் சுற்றி வைத்திருந்ததைப் பிறகு போலீசார் எடுத்தார்கள். என் முன்னால்தான் அதைச் செருகிப் பார்த்தார்கள். டிக் டிக் என்று நன்றாக வேலை செய்தது. அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதேன்.

போலீசார் வருவதற்கு முன் நடந்ததை இனிச் சொல்கிறேன். எபெர் வீட்டிலிருந்து மெதுவாக நடந்து வந்தார். தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் குந்தினார். "காலைல பிடுங்க மறந்துட்டேன் சுல்மா" என்றார். நான் தார்தோவின் தலையை எடுத்து மடியில் வைத்தேன். அதன் பிறகு, "அவனே மாட்டினான்னு சொல்லிடு. செத்தவன யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல. எனக்கு நீ, உனக்கு நான், வேற யாரு இருக்கா?" என்றார்.

அந்த நாட்களில் தினமும் காலையில் எழுந்ததும் எபெர் முதலில் கொட்டகைக்குப் போவார். வந்து நாய்களை அவிழ்த்துவிடுவார். அதன் பிறகுதான் மாத்தேவில் கை வைப்பார். பனி, மழை எதிலும் அந்த வரிசை மாறியதில்லை. கொட்டகைக்கு எதற்குப் போனார் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்றைக்கு நான் எழுந்தபோது அவர் மாத்தே பாதி குடித்து முடித்திருந்தார். நாய்கள் இரண்டும் சங்கிலியை இழுத்துக்கொண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தன. கம்பியில் மின்சாரம் இருப்பதை மறந்தவர், நாய்களை வெளியே விடக்கூடாது என்பதை மட்டும் மறக்கவில்லை.

தார்தோவின் தலை என் மடியில் இருந்தது. நான் கேட்டேன்: "மறந்துட்டேன்னா, நாயை ஏன் அவுக்கலே?"

எபெர் எழுந்து, தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துபோய், ஒவ்வொன்றாக இரண்டு நாய்களையும் அவிழ்த்துவிட்டார்.

போலீசார் வந்தபோது நாய்கள் அவிழ்ந்திருந்தன. அதற்கு முன் அவை கட்டிக் கிடந்தன என்பதை இதில் எழுதச் சொல்லிக் கேட்டேன், எழுதினார்கள். நான் சொன்னதைத் திருப்பி எனக்குப் படித்துக் காட்டினார்கள், கூட்டவோ குறைக்கவோ இதில் எதுவும் இல்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சொன்னது அத்தனையும் உண்மை என்று, எபெர் என் அண்ணன் என்பது தெரிந்தே, கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
சுல்மா அரிஸ்மெந்தி
தார்தோ பின்டோஸின் மனைவி