அரைப் பக்கம்

பயணப் புத்தகம் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் பக்கத்து ஊருக்குப் போவதற்கே ஜன்னல் ஓர இருக்கை கேட்டு அடம்பிடிக்கிறவர்கள். நானும் அந்தக் கட்சிதான். பாலைவனம், பனிமலை, தீவு எல்லாவற்றையும் இந்த மேஜையில் உட்கார்ந்தபடியே பார்த்தாகிவிட்டது. மற்றவர்கள் அலைந்து திரிந்து எழுதிக்கொண்டு வருவதைச் சீர்செய்து அச்சுக்கு அனுப்புவது என் வேலை. நீங்கள் சுவர்ப் பக்கம் உட்காருங்கள், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும்.

முதலாளி உங்களை அனுப்பியதில் எனக்கு வருத்தம் இல்லை. வக்கீல் என்றால் மிரட்டுவார் என்று நினைத்திருந்தேன். நீங்கள் பாட்டுக்குக் குறித்துக்கொள்கிறீர்கள். நானும் மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவனை எங்கள் அலுவலகத்தில் சக்கரம் என்று கூப்பிடுவோம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் மாதிரி ஓர் இடத்தில் தங்கமாட்டான். ஊர் திரும்பினால் என் வீட்டு முன்னறையில்தான் படுக்கை. எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அவன் வந்தால்தான் இரண்டாவது தட்டு கழுவப்படும். என்னை அண்ணே என்பான்.

சின்னப் பிள்ளையாக ஒரு ரயில் நிலையக் கூட்டத்தில் கை நழுவிப் போனவன் அவன். எந்த ஊர், என்ன பெயர் என்று சொல்லத் தெரியவில்லை. அநாதை இல்லத்தில் ஒரு பெயர் வைத்தார்கள், புத்தக அட்டையில் இருப்பது அந்தப் பெயர்தான். அவனுக்கு நினைவில் இருந்தது கொஞ்சம்: வீட்டுக்குள்ளே ஒரு மாடிப்படி, அதில் ஒரு பலகை மட்டும் மிதித்தால் கிறீச்சிடும். கீழே அம்மா தையல் மிஷினில் இருப்பாள். அந்தச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்க்காமலே, "வந்தாச்சா ராசா" என்பாள். அந்தப் படியைத் தேடித்தான் அவன் ஊர் ஊராகப் போகத் தொடங்கினான். பயண எழுத்தாளன் ஆனது போகிற போக்கில் நடந்தது.

முதல் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் இதையெல்லாம் ஒரு பத்தியாக எழுதியிருந்தான். கடைசி மெய்ப்பைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த பயணத்துக்குக் கிளம்பிவிட்டான். அதன் பிறகுதான் கவனித்தேன், புத்தகம் அரைப் பக்கம் கூடிப்போயிருந்தது. எங்கள் தொழிலில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு ஃபாரம். அரைப் பக்கம் கூடினால் இன்னொரு ஃபாரம் ஓட்ட வேண்டும், மிச்சமெல்லாம் வெற்றுத்தாள். எதையாவது எடுத்தாக வேண்டும். எடுத்தால் தையல் தெரியாத இடம் அது ஒன்றுதான். எடுத்தேன். இதுவரை நான் செய்தது என் வேலை, இதை நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

புத்தகம் பேசப்பட்டது. எதையோ தேடுகிறான், எதை என்று சொல்லாமல் விட்டிருக்கிறானே, அதுதான் அழகு என்று எல்லோரும் எழுதினார்கள். அழகு என் கைங்கரியம் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. அச்சான தன் புத்தகத்தைத் திறக்கமாட்டான். "தொறந்தா தப்புதான்ணே கண்ணுல படும். அப்புறம் தூக்கம் போயிடும்" என்பான். கூட்டங்களுக்கும் வரமாட்டான். அதனால் அந்தப் பத்தி இல்லாதது அவனுக்குத் தெரியவே இல்லை.

இரண்டாவது புத்தகத்தைக் கொண்டுவந்தபோது அதே பத்தி மறுபடியும் இருந்தது, இன்னும் கொஞ்சம் நீளமாக.

"இதைத்தான் ஏற்கெனவே எழுதியாச்சே" என்றேன்.

"யாரும் வரலையேண்ணே. நான் சரியா சொல்லலையோ என்னவோ. இந்தத் தடவை தழும்பையும் போட்டிருக்கேன்." சட்டைக் கையை மடக்கிக் காட்டினான். துணி தேய்க்கும் பெட்டியின் மூக்கு சுட்ட தழும்பு முழங்கைக்குக் கீழே இருந்தது. "இதை அம்மா மறந்திருக்கமாட்டாங்க."

"பேப்பர்ல விளம்பரம் கொடுக்கலாமே."

"அதெல்லாம் கொடுத்துப் பார்த்தாச்சு. பேப்பர் மறுநாள் பழசு. புத்தகம் வீட்டுலயே இருக்கும். என்னைக்காவது யாராவது எடுத்துப் படிப்பாங்க."

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அதற்குள் அவன் இன்னொன்றைச் சொன்னான். "அவங்க மட்டும் கிடைச்சுட்டா, அதுக்கப்புறம் ஒரு எட்டு எடுத்து வைக்கமாட்டேன்ணே. அந்த மிஷின் பக்கத்துலயே உக்காந்துடுவேன்."

சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டேன். இப்படி எழுதுகிற ஒருவன் பித்தான் தைத்துக்கொண்டு உட்காரப்போகிறான். அவன் தாயாரை விட்டால் இதில் வேறு யாருக்கும் லாபமில்லை. முன்னறைப் படுக்கையும் ஒருமுறை நினைவுக்கு வந்தது, மறைக்கவில்லை. ஆனால் அது ஒரு காரணம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அந்தத் தடவை ஃபாரம் கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் மெய்ப்பில் கையெழுத்துப் போட்டுக் கிளம்பிய பிறகு எடுத்தேன்.

மூன்றாவது புத்தகத்தில் அந்தப் பத்தி பக்கத்தைத் தாண்டிவிட்டது. அம்மா நூலைப் பல்லால் கடிப்பது, மிஷின் மேல் விரித்திருந்த துணியின் நிறம், தனக்குப் பிறகு பிறந்த ஒரு குழந்தை தொட்டிலில் அழுதது, எல்லாம் இருந்தன. அடையாளம் போதவில்லை என்று நினைத்துப் பாவம் மூளையைக் கசக்கியிருக்கிறான். அவன் எழுதியதிலேயே நல்ல பக்கம் அது என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். அதை எடுக்க எனக்கு மனசே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன்.

அது வெளிவந்து ஒரு மழைக்காலம் போனது. ஒரு நாள் மதியம், இப்போது நீங்கள் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து கேட்டான்.

"மூணு புத்தகத்துலயும் சொல்லிட்டேன். எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும். அவங்களுக்குப் படிக்கத் தெரியாட்டியும் யாராவது சொல்லியிருப்பாங்க. வேணாம்னுதான் வரல, இல்லண்ணே?"

நான் எதையும் யோசிக்காமல் பேசுகிற ஆள் இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். "அப்படித்தான் இருக்கும்னு தோணுதுப்பா. அவங்களுக்கும் ஒரு வாழ்க்கை ஆகியிருக்கும். நீ உன் வேலையைப் பாரு."

தலையை ஆட்டினான். டீயை முழுக்கக் குடித்தான். அடுத்த வாரம் ஒரு மலைக்கணவாய்க்குக் கிளம்பினான். பனிக்காலம் தொடங்குகிற சமயம். கூட வர எந்த வழிகாட்டியும் சம்மதிக்கவில்லை, அவன் காத்திருக்கவும் இல்லை. தனியாக ஏறினான். பனி உருகிய பிறகுதான் கிடைத்தான். அடிவாரத்து விடுதியில் விட்டுப்போன பையில் நான்காவது புத்தகம் முடிந்த நிலையில் இருந்தது. அதில் எனக்கு வேலையே இல்லை. அந்தப் பத்தியை அவனே எழுதாமல் விட்டிருந்தான். அவன் புத்தகங்களில் அதுதான் அதிகம் விற்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் போடலாம் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. அந்த நேரம் பார்த்து எனக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. ஆசிரியர் கையெழுத்திட்ட மெய்ப்புகளை நாங்கள் எறிவதில்லை, கட்டிப் பரணில் போட்டுவிடுவோம். மெய்ப்புத் திருத்தும் அம்மா ரொம்பப் பொறுப்பானவர். இறந்தவர் கையெழுத்துப் போட்டதுதான் சரியான பாடம் என்று முடிவுசெய்து, பரணிலிருந்து இறக்கி, அதைப் பார்த்தே அச்சுக் கோத்துவிட்டார். கட்டு அவிழ்த்த கண்ணோடு நான் திரும்பி வந்தபோது புத்தகம் கடைகளில் இருந்தது.

அந்த மாதமே அவர்கள் வந்தார்கள். வயதான ஓர் அம்மா, கூட அவர் மகள். தூரத்திலிருந்தும் இல்லை. இங்கிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடலாம்.

மகள்தான் பேசினாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பயணப் புத்தகங்கள் என்றால் உயிராம். சக்கரத்தின் மூன்று புத்தகங்களையும் வந்த உடனே வாங்கி, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவன் உயிரோடு இருந்தபோது. "இந்தப் பையன் யாரு பெத்த பிள்ளையோ, இப்படி அலையுதே" என்று அந்த அம்மா சொல்லுவாராம். இப்போது தொகுப்பு வந்ததும் வாங்கி, பழையபடி படித்திருக்கிறாள். படி, மிஷின், தழும்பு. மிஷின் சத்தம் நின்றுவிட்டதைக் கவனித்துத்தான் நிமிர்ந்தாளாம்.

"முன்னாடி வாங்கின புத்தகத்துல இது ஏன் சார் இல்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் முதலாளி உங்களை அனுப்பியிருக்கிறார். நான் எடுத்தேன், மூன்று முறையும் நானே எடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். முதல் முறை இடம் இல்லாமல், மற்ற இரண்டு முறையும் தெரிந்தே. கேட்டால் கையெழுத்தும் போடுகிறேன்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கடைசி வரைக்கும் நான் வருவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தானா தம்பி?"

பெற்ற மனசு, அதற்கு மேல் வருத்தப்படுத்த எனக்கு விருப்பமில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன். "இல்லம்மா. கடைசிப் புத்தகத்துல உங்களைப் பத்தி ஒரு வரிகூட எழுதல."

அவர் அழவில்லை. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து போனார். கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.