நிழல் விழாத திரை

டோர்வலில் பஸ் ஏறிய இருவர், விமான நிலையச் சீருடையோடு எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இளையவர்தான் தொடங்கினார்.

“எங்கட மோட்டார்ஹோம் வண்டியில ரீவியை மாத்தியிருக்கக் கூடாது, அண்ணை.”

“ஏன், படம் வடிவில்லையோ?”

“படம் வடிவுதான். பழைய பெட்டி ரீவியை நிப்பாட்டினா, அந்தக் கண்ணாடியில பின்பக்கக் கட்டில் தெரியும். அதில ஒரு பொம்பிளை இருப்பா. திரும்பிப் பார்த்தா ஒருத்தரும் இல்லை.”

“அதுக்குத்தானே தட்டை ரீவி வாங்கினனீ?”

“ஓம். இதில நிழலே விழாது.”

“பேந்தென்ன பயம்? பிள்ளையள் அந்தக் கட்டிலில படுக்கலாம்தானே.”

இளையவர் இறங்குவதற்கு மணியை அழுத்தினார்.

“முந்தியெண்டா, அவ எங்க இருக்கிறா எண்டாவது தெரியும், அண்ணை.”