மாப்பிள்ளை சாப்பிட்ட சவர்க்காரம்

புதுக்குடியிருப்பிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் மடியில் அவள் வீட்டில் காய்ச்சிய ஆட்டுப்பால் சவர்க்காரங்கள் நிறைந்த பை. பஸ் முழுக்கச் சோப்பு வாசம்.

"பொம்பிளை பாக்க வந்தவர் என்ர சவர்க்காரத்தைச் சாப்பிட்டிட்டார், அக்கா."

"என்னடி சொல்லுறாய்?"

"சவர்க்காரத்துக்குப் போட்ட கோஸ்டிக் சோடான்ர காரம் அடங்கட்டும் எண்டு துண்டு துண்டா வெட்டி, தட்டில அடுக்கி அலுமாரிக்குள்ள வைச்சனான். அம்மா அதை மில்க் ரொபி இனிப்பு எண்டு நினைச்சு, தேத்தண்ணியோட கொண்டுபோய் நீட்டிப்போட்டா."

"ஐயோ! துப்பினவரோ?"

"இல்லை. மரியாதைக்கு ஒரு கடி கடிச்சு விழுங்கிப்போட்டார். வாயெல்லாம் நுரை."

"சோடா மிச்சம் நிண்டா நாக்கைச் சுடுமே!"

"அதுதான் நான் ஓடிவந்து, 'நாக்குச் சுடுதோ?' எண்டு கேட்டனான். அவரோட கதைச்ச முதல் கதையே அதுதான்."

"என்ன சொன்னவர்?"

"'சுடேல்லை. சீனிதான் கொஞ்சம் காணாது' எண்டவர்."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கொண்டக்டரும் சிரித்துவிட்டார். நான் பரந்தனில் இறங்கியிருக்க வேண்டும், மனம் வரவில்லை.

"பிறகு?" என்றாள் மூத்தவள்.

"பிறகென்ன? சவர்க்காரமும் சரி, மாப்பிள்ளையும் சரி எண்டு அண்டைக்கே அம்மாட்டச் சொல்லிப்போட்டன்."